சொன்ன பேச்சு கேட்காதவள்

அத்தியாயம் 11

தங்கை வீட்டு வாசலில், கழற்றப் போன செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தாளே அக்கா, அங்கேதான் போன வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம். உள்ளே தங்கை போனில் யாரிடமோ, "அக்கா பொண்ணால எங்க பொண்ணு பேரும் சேர்ந்து கெடுது" என்று சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. உதவி கேட்கப் போனவள் கேட்காமலே வந்துவிட்டாள். நாலு நாள் ஆயிற்று. இருவருக்கும் பேச்சில்லை.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்கா விசைத்தறிக் கூடத்தில் நெய்கிறவள். தங்கை இன்ஷூரன்ஸ் ஆபீஸில் சூப்பர்வைசர். இருவருக்கும் ஆளுக்கு ஒரு பெண். இருபத்தோரு நாள் இடைவெளியில் பிறந்தவர்கள், இப்போது பன்னிரண்டு வயது. அக்கா பெண்ணுக்கு வீட்டில் வைத்த பேர் டமாரம். வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். தங்கை பெண் கிளி; யார் எதைச் சொன்னாலும் அப்படியே திருப்பிச் சொல்வாள். விளையாட்டாக வைத்த பேர்கள்தான். வைத்தவர்கள் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்த அத்தியாயத்துக்கே வேலையிருந்திருக்காது.

மூன்று வயதில் இரண்டையும் சேர்த்து நிறுத்தினால் வித்தியாசம் தெரியாது. ஒரே அளவு கவுன், ஒரே அளவு செருப்பு. பார்த்தவர்கள் எல்லாம் இரண்டையும் "துறுதுறுன்னு இருக்கு" என்றார்கள். ஏழு வயதில் கிளி ஒரு விரல் உயரம் கூடியிருந்தாள். அப்போது கிளி சூட்டிகை, டமாரம் வால். இப்போது கிளியின் தோளுக்குத்தான் டமாரம் வருகிறாள். கிளியைக் கெட்டிக்காரி என்கிறார்கள். டமாரத்தை அடங்காதவள் என்கிறார்கள். இரண்டு பெண்களும் செய்வதென்னவோ அன்றைக்குச் செய்ததைத்தான். சொல்கிறவர்களின் வார்த்தைதான் வயதோடு சேர்ந்து இரண்டாகப் பிரிந்துகொண்டே போயிற்று.

அந்த வார்த்தைக்கு இன்று பத்து மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டும். பள்ளியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள்.

"பையை எடுத்துக்கோ" என்றாள் அக்கா, மகளின் முதுகைப் பார்த்து.

டமாரம் ஜன்னலோரம் நின்று ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

அக்கா போய்த் தோளைத் தொட்டாள். மகள் திரும்பினாள். "பையை எடுத்துக்கோன்னேன்."

"எடுத்துக்கறேன்மா!" என்று கூரை அதிர வந்தது பதில்.

அக்காவுக்கு இதில் எதுவுமே தோன்றவில்லை. தோன்றாதது அவள் தப்பும் இல்லை. அவர்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பது தறி ஓடுகிறது. அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் பேச்சு என்பது காதுக்கு இல்லை, கண்ணுக்கு. நாலு தறி தள்ளி நிற்கிறவளிடம் நாத்தனார் சண்டையை முதலிலிருந்து கடைசி வரை சொல்லி முடிப்பார்கள், குரலே எழுப்பாமல், வெறும் வாயசைவில். ஒன்று சொல்வதற்கு முன்னால் தோளைத் தட்டுவார்கள், முகத்துக்கு நேராக நிற்பார்கள், வாயை அகலத் திறப்பார்கள். அப்பாவும் அம்மாவும் தறிக்காரர்களாக இருக்கிற வீட்டில் வீட்டுப் பாஷையும் அதுதான். அந்த வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காது இருக்கிறதா இல்லையா என்று எவருக்குத் தெரியப் போகிறது?

போன வாரம் பள்ளிக் கடிதத்தைப் பார்த்ததும் அவள் புருஷன் சிரித்தான். "படிப்பு ஏறலன்னா விடு. தறிக்கு வரட்டும். அங்க யாரும் சொன்ன பேச்சைக் கேக்க வேண்டாம். கேக்கவும் கேக்காது."

அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே வைராக்கியம், இந்தப் பெண் அந்தக் கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்பதுதான்.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. களைத்தவர். மேஜை மேல் டமாரத்தின் கோப்பைத் திறந்து வைத்திருந்தார்.

"நானா எதுவும் சொல்லலம்மா. வருஷா வருஷம் கிளாஸ் டீச்சர் எழுதினதைப் படிக்கிறேன், கேளுங்க. ஒண்ணாம் வகுப்பு: கலகலப்பானவள், உரக்கப் பேசுகிறாள். மூணாம் வகுப்பு: கவனம் சிதறுகிறது. அஞ்சாம் வகுப்பு: பிடிவாதம். இந்த வருஷம்: சொன்ன பேச்சு கேட்பதில்லை." கோப்பை மூடினார். "போன வியாழக்கிழமை மைதானத்துல விசில் அடிச்சும் நிக்கல. ஓடிப் போய் ஒரு சின்னப் பிள்ளையை இடிச்சுத் தள்ளிட்டா. அதுக்கு முன்பல்லு ரெண்டும் போச்சு. அவங்க வீட்டுல வந்து உக்காந்துட்டாங்க."

"ஆறாவது வரைக்கும் நல்லா படிச்சாளே டீச்சர்."

"அதுதான் எனக்கும் புரியல. இந்த வருஷம் செக்ஷனைக் கலைச்சுப் பிரிச்சோம். அதுலேருந்துதான் இப்படி. கூப்பிட்டா திரும்பறதில்ல. கேள்வி கேட்டா முறைச்சு வாயையே பாக்கறா. திமிர்."

டமாரம் அறையின் ஓரத்தில் நின்று, பேசுகிற ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒரு தடவை மன்னிச்சு விடுங்க டீச்சர். நான் கண்டிச்சு வெக்கறேன்."

"எப்படிக் கண்டிப்பீங்க?"

கண்டிப்பைக் கண்ணெதிரே காட்டிவிட்டால் தலைமையாசிரியையின் மனசு இளகுமோ என்று அக்கா நினைத்தாளோ என்னவோ, எழுந்து போய் மகளைக் கன்னத்தோடு காதோடு சேர்த்து ஓங்கி ஓர் அறை விட்டாள்.

டமாரம் அழவில்லை. என்ன சொல்லி அடித்தாள் என்று அம்மாவின் வாயைப் பார்த்தாள். அம்மா எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

அக்காவின் உள்ளங்கை பிசுபிசுத்தது. மஞ்சளாக, கெட்ட வாடையோடு. அவளுக்கு அது புதிதல்ல. மழை பெய்தால் இவளுக்குக் காது வடியும், பஞ்சு வைத்தால் நின்றுவிடும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள்.

"இதெல்லாம் இங்க வேண்டாம்மா" என்று தலைமையாசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு காகிதத்தை நகர்த்தினார். 'என் மகள் சொன்ன பேச்சு கேட்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். திங்கட்கிழமை மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.'

அக்கா எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தாள். கையெழுத்துப் போட்டாள். அவள் போட்ட கையெழுத்துகளிலேயே முழு உண்மைக்குப் போட்டது அது ஒன்றுதான். அப்போது அவளுக்கு அது தெரியாது.

குடிநீர்க் குழாய்ப் பக்கம் வரும்போது இடைவேளை மணி அடித்தது. கிளி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"பெரியம்மா, அவளை ஏன் அடிச்சீங்க? ஜன்னல் வழியா எல்லாரும் பாத்தாங்க."

"சொன்ன பேச்சு கேக்கலன்னா அடிக்காம?"

"கேக்காதுதானே பெரியம்மா."

"என்னடி சொல்றே?"

"அவளுக்குக் கேக்காது. முகத்தைப் பார்த்தாதான் புரியும். பின்னாடி இருந்து கூப்பிட்டா தெரியாது. கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியுமே!" பெற்றவளுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று என்ற நிஜமான ஆச்சரியம் அவள் கண்ணில். "டீச்சர் போர்டுல எழுதிக்கிட்டே சொல்றதை எல்லாம் நான்தான் அவ பக்கம் திரும்பி மறுபடி சொல்வேன். இந்த வருஷம் என்னை ஏ செக்ஷன்ல போட்டுட்டாங்க, அவ டி. இப்ப யாரு சொல்லுவா?"

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொல்லாதேன்னா. சொன்னா வேற ஸ்கூலுக்கு அனுப்பிடுவாங்களாம்."

டமாரம் குழாயில் வாயை வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அக்கா சத்தமில்லாமல் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"டமாரம்" என்றாள், மெதுவாக. பிறகு கொஞ்சம் உரக்க. பிறகு, ஒரு வருஷமாக எதற்காக அந்தப் பெண் அரித்தெடுக்கிறாளோ அதைச் சொன்னாள். "உனக்கு சைக்கிள் வாங்கித் தரேன்டி. இன்னைக்கே வாங்கித் தரேன்."

அவள் குடித்து முடித்து, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, திரும்பியபோதுதான் அம்மா நிற்பதையே பார்த்தாள்.

"என்னம்மா! ஏன் அழறே!" என்று கத்தினாள்.

அக்கா திரும்ப அறைக்குள் ஓடினாள். காகிதம் இன்னும் மேஜை மேல்தான் இருந்தது.

"டீச்சர், அதைக் குடுத்துடுங்க. அவளுக்குத் திமிர் இல்ல. காது கேக்கல. கிளி சொன்னா. நானும் பார்த்துட்டேன்."

தலைமையாசிரியையின் முகத்தில் இரக்கம் வந்தது.

"திமிர்னாலாவது கிளாஸ் டீச்சர்கிட்ட சொல்லி ஒரு வருஷம் பாத்திருக்கலாம்மா. காது கேக்கலன்னா இங்க எப்படி? ஒரு கிளாஸ்ல ஐம்பத்தெட்டு பேர். அதுக்குன்னு தனிப் பள்ளிக்கூடம் இருக்கு. அங்கயும் அஞ்சு வயசுலயே சேத்துப்பாங்க. பன்னிரண்டு வயசுல எடுப்பாங்களான்னு விசாரிங்க."

காகிதத்தைக் கோப்புக்குள் வைத்தார்.

சேர்க்கைப் படிவத்தில் பொறுப்பாளர் என்று தங்கையின் பேரும் எண்ணும்தான் இருந்தன. சிபாரிசு பண்ணி டமாரத்தை அந்தப் பள்ளியில் சேர்த்தவளே அவள்தானே. ஆபீஸ் அறையிலிருந்து கிளிதான் போன் பண்ணினாள். இருபது நிமிஷத்தில் கார் வந்து நின்றது.

நாலு நாள் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தங்கை இறங்கி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"ஏறுக்கா. கிளிக்குப் பார்த்த காது டாக்டர்கிட்டயே போயிடலாம்."

"கிளிக்குக் காதுல என்ன?"

"நாலு வயசுல சீழ் வந்துச்சே, ஞாபகமில்ல? ரெண்டு பேருக்கும்தான். நீ பகல் ஷிப்ட் போவே, இவ எங்க வீட்டுலதான் கிளி பக்கத்துல படுத்துத் தூங்குவா."

"ஆமா. நீ சொட்டு மருந்து குடுத்தே."

"ஆமா" என்றாள் தங்கை. "குடுத்தேன்." வழி முழுக்க அதற்கப்புறம் அவள் பேசவில்லை. கிளிக்கு ஊற்றியது போக மிச்சமிருந்த கால் பாட்டில் அது என்பதும் அவள் சொல்லாமல் விட்டவற்றில் ஒன்று.

டாக்டருக்கு நரைத்த அடர்த்தியான மீசை. விளக்கை வைத்து இரண்டு காதையும் வெகுநேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் கேள்வி கேட்பது குறைந்துகொண்டே வந்தது.

"வலது காதுல ஜவ்வே இல்லம்மா. உள்ள எலும்பும் அரிச்சுப் போச்சு. இடதுல பெரிய ஓட்டை. ஆபரேஷன் பண்ணியாகணும்."

"பண்ணினா கேக்குமா டாக்டர்?"

"கேக்க வெக்கறதுக்கு இல்ல. சீழ் மூளைக்குப் போகாம இருக்கறதுக்கு."

"காதுல மிஷின் வெப்பாங்களே?"

"இடது பக்கம் வெக்கலாம். கொஞ்சம் சத்தம் தெரியும். ஆனா எட்டு வருஷமா கிளாஸ்ல காதுல விழாம போனது எல்லாம் மிஷின் வெச்சா வராதும்மா." கையைத் துடைத்துக்கொண்டார். "நாலு வயசுல ஆரம்பிச்சிருக்கணும். அப்பவே வந்திருந்தா மூணு வாரம் மருந்து, ஒரு சின்ன ட்யூப். இன்னைக்கு ரெண்டு பேருக்கும் வித்தியாசமே தெரிஞ்சிருக்காது."

அவர் ரெண்டு பேர் என்று சொன்னது அக்காவின் மனதில் எங்கோ ஒட்டிக்கொண்டது.

கேட்கும் திறனைச் சோதிக்க ஒரு கண்ணாடி அறை இருந்தது. உள்ளே உட்கார்ந்தால் வெளிச்சத்தம் துளியும் வராது. டமாரம் தனியாகப் போக மாட்டேன் என்று அடம்பிடித்ததால் அக்காவும் கூடப் போய் உட்கார்ந்தாள். கனத்த கதவு மூடியதும் அக்காவுக்குப் பயமாக இருந்தது. தறிக்குப் போன நாளிலிருந்து இப்படியொரு நிசப்தத்தை அவள் கேட்டதில்லை. மகள் தலையில் பெரிய ஹெட்போனை மாட்டியிருந்தார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும்.

கண்ணாடிக்கு வெளியே டாக்டர் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினார். டமாரம் கையைத் தூக்கினாள். மறுபடி அழுத்தினார். மறுபடி தூக்கினாள். ஒன்றுகூடத் தவறவில்லை. அக்காவின் நெஞ்சில் ஒரு விநாடி ஒரு நப்பாசை எழுந்தது. அப்புறம்தான் மகளின் கண் போகிற இடத்தைக் கவனித்தாள். அவள் டாக்டரின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படித்தான் எல்லாப் பரீட்சையும் இத்தனை வருஷம் தாண்டி வந்திருக்கிறாள். சொன்ன பேச்சு கேட்காதவள் என்கிறார்களே, ஊரில் எவர் முகத்தையும் விடாமல் பார்த்துப் பார்த்து, அவர்கள் எதை விரும்புகிறார்களோ அதைச் செய்துகொண்டிருந்த பிள்ளை அது. அக்காவுக்குத் தன் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

டாக்டருக்கும் புரிந்துவிட்டது. இயந்திரத்தைத் திருப்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு டமாரத்தின் கை மடியை விட்டு எழவில்லை. நிமிஷங்கள் போயின. அவள் சும்மா இருக்க முடியாமல், கண்ணாடிக்கு வெளியே டாக்டரின் எதிரே நின்ற சித்தியைப் பார்க்க ஆரம்பித்தாள். அக்காவும் பார்த்தாள்.

டாக்டர் பழைய அட்டை ஒன்றை எடுத்துத் தங்கையிடம் ஏதோ கேட்டார். கிளியின் அட்டையாக இருக்க வேண்டும். அவர் கேட்டது தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. தங்கையின் முகம் நேராக வெளிச்சத்தில் இருந்தது.

"இவதான் டாக்டர்" என்றது தங்கையின் வாய். "கூட்டிட்டு வரச் சொன்னீங்க. இவளைத்தான்."

டாக்டரின் தலை நிமிர்ந்தது.

"எங்க அக்கா பொண்ணுன்னு சொல்ல அன்னைக்கு எனக்கு வாய் வரல. கிளி பக்கத்துல படுத்துத் தூங்கறது யாருன்னு கேட்டீங்க. வேலைக்காரி பொண்ணுன்னு சொல்லிட்டேன்."

தறிக்கூடத்தில் வாயசைவைத் தப்பாகப் படிப்பதும் உண்டு. மாமா என்பதும் பாப்பா என்பதும் உதட்டில் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதை வைத்து வாரம் ஒரு சண்டை நடக்கும். அக்கா அந்த வார்த்தையை வேறு எதுவாகவாவது மாற்றிப் பார்த்தாள். அது வேறு எதுவாகவும் மாற மறுத்தது.

"அப்படிச் சொன்ன பிறகு எப்படிக் கூட்டிட்டு வர்றது? வந்ததும் என்னை சித்தின்னு கூப்பிடுமே." தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

எட்டு வருஷம். ஒரே ஒரு வார்த்தை. அக்கா பதினாறு வயதில் தறிக்குப் போய்த்தான் தங்கை காலேஜுக்குப் போனாள். அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. இப்போது கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய்க் கேட்க வேண்டும் போலிருந்தது.

அதற்குள் பக்கத்தில் டமாரத்தின் குரல் அந்தச் சின்ன அறையை நிறைத்தது.

"அம்மா! சித்தி என்னை ஏன் வேலைக்காரி பொண்ணுன்னு சொல்றாங்க?"

வெளியே ஒரு சத்தமும் போகவில்லை. தங்கை இந்தப் பக்கம் திரும்பினாள். இருவரும் தன்னையே பார்ப்பதைக் கண்டதும், அவசரமாக முகத்தைச் சரிசெய்துகொண்டு, தைரியம் சொல்வது போலச் சிரித்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

ஆபரேஷனுக்கு நாள் வாங்கித் தரப் போவது அவள். ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போவது அவள். தனிப் பள்ளிக்கூடத்தில் யாரையாவது தெரியுமென்றால் அவளுக்குத்தான் தெரியும். அக்கா இதையெல்லாம் யோசித்தாளா என்றால், யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நாற்பது வயதுவரை உடம்பிலேயே ஊறிப்போன கணக்கு அது. கோபப்படுவதற்குக்கூட ஒரு வசதி வேண்டும். அது அவளிடம் இல்லை.

கதவு திறந்தது. தங்கை உள்ளே தலையை நீட்டினாள்.

"என்னக்கா, ஏதோ கேட்டாளே? என்னவாம்?"

அக்கா மகளின் தலையிலிருந்த ஹெட்போனைக் கழற்றினாள்.

"ஒண்ணுமில்ல. சித்தி இல்லன்னா நமக்கு யாரும்மான்னு கேக்கறா."

தங்கை விம்மிக்கொண்டே வந்து டமாரத்தைக் கட்டிக்கொண்டாள். அந்தத் தோளுக்கு மேலாக டமாரம் அம்மாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சொன்ன பொய்யில் ஓர் எழுத்துகூட அவளுக்குத் தப்பியிருக்கவில்லை.

இத்தனை வருஷம் தெருமுனை வரை கத்தியவள் இப்போது கத்தவில்லை. தறிக்கூடத்துப் பாஷையில், சத்தமே இல்லாமல், அம்மாவுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வாயசைத்தாள்.

"சரிம்மா."